ஏழாவது கேள்வி

"கூட்டம் கூடும் சடங்குகளைத் தவிர்க்கிறீர்களா?"

இதுதான் ஏழாவது கேள்வி. நாரின் என்ற மலை நகரத்தில் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அன்று நாற்பதாவது தடவையாக சூராகான் அதைத் தொலைபேசியில் கேட்டாள். நோய்க்காலக் கட்டுப்பாடுகளைப் பற்றி அரசாங்கத்துக்காக மக்கள் கருத்து கேட்பது அவள் வேலை.

"ஆமாம்மா, எங்கயும் போறதில்ல. கட்டுப்பாடு நல்லதுதான்," என்றது ஒரு பெரியவர் குரல். பின்னால் பெரிய சமையல் கொப்பரை உருளும் சத்தம் கேட்டது. "விறகு பத்தாதுடா, இருநூறு பேருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

சூராகான் 'ஆம்' என்று குறித்துக்கொண்டாள். எல்லாரும் 'ஆம்'தான். அரசாங்கம் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குப் பைத்தியமா?

அன்று காலைதான் பக்கத்து வீட்டு சாதார் கிழவர் காலமாகியிருந்தார். அவர் வாசலில் துக்கக் கூடாரம் எழும்பிவிட்டது. சூராகானின் கணவன் எமில் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை வியாதி, போதாக்குறைக்கு இளைப்பும். ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நான் போகல சூரா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே துவா செஞ்சிடறேன்."

"நல்லா இருக்கே! ஊரே உள்ள போய் அழும், நீங்க வேலியில காக்கா மாதிரி நிப்பீங்களா? வெக்கமா இல்ல?"

"நாள் பூரா போன்ல ஊரையெல்லாம் என்ன கேக்கற நீ?"

"அது சம்பளத்துக்கு. இது மானத்துக்கு. நாம போகலேன்னா நாளைக்கு நம்ம வீட்டுச் சாவுக்கு எவன் வருவான்?"

எமில் ஜன்னலை விட்டு நகர்ந்தான். அவளே கம்பளித் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். எமில் போய், துக்க வழக்கப்படி தடியூன்றி நின்ற சாதாரின் மகன்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு ஓலமிட்டான். கூடாரத்துக்குள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, ஒரே தட்டில் குதிரை இறைச்சி சாப்பிட்டான். வீட்டுக்கென்று கொடுத்த இறைச்சிப் பங்கைப் பையில் கட்டிக்கொண்டு திரும்பியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் எமிலுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அவள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நடைபாதைப் பெஞ்சில் எமிலின் மூச்சு நின்றது.

வெள்ளை உடுப்பு போட்ட நாலு பேர் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். முகம்கூடக் காட்டவில்லை. வாசலில் கூடாரம் போட ஆளில்லை. சூராகான் முறைப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கணவனைப் புகழ்ந்து ஒப்பாரி வைத்தாள். சேர்ந்து அழ வேண்டிய பெண்கள் வரவில்லை. சாயங்காலம் வரை கதவு திறக்கவே இல்லை. பாவி, என்ன செய்வாள்?

இருட்டும் முன் சாதாரின் மூத்த மகன் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. உள்ள வந்தா ஒட்டிக்கும்னு ஊர்ல பேசிக்கறாங்க. இங்கேர்ந்தே துவா செஞ்சிடறேன்." ரொட்டிப் பையை வேலியில் மாட்டிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. சூராகான் வேலை செய்த அதே அலுவலகம்தான்; அவளை அறியாத புதுப் பெண். ஆறு கேள்விகளைப் படபடவென்று முடித்து ஏழாவதுக்கு வந்தாள்.

"கூட்டம் கூடும் சடங்குகளைத் தவிர்க்கிறீர்களா?"

சூராகான் சொன்னாள்: "நல்லா கேட்டுக்க பொண்ணே. அரசாங்கத்துக்குப் பயந்து ஆமான்னோம். ஊருக்குப் பயந்து போனோம். உசுருக்கு மட்டும் பயப்படல. நம்ம வீட்டுச் சாவுக்கு ஊர் வரணுமேன்னு எம் புருஷன நானே அனுப்பி வெச்சேன். அவரே செத்தாரு. ஊரு வரல."

குரலைத் தாழ்த்தி அந்தப் பெண் சொன்னாள்: "அக்கா, எங்க சித்தப்பா வீட்ல இன்னிக்கு விருந்து. போகலேன்னா அசிங்கம்னு அம்மா கெளம்பிக்கிட்டிருக்காங்க."

"ஓடிப் போய்த் தடு," என்றாள் சூராகான். "அசிங்கம் நாலு நாள்ல போயிடும். போன மனுஷன் வரமாட்டான்."