ஐயாசாமி புறப்பட்ட கதை

லாபிஸ் தோட்டத்தில் ஐயாசாமியைப் போலச் சகுனம் பார்க்கிறவன் கிடையாது. கிளம்புகிறவனை யாராவது "எங்க போறே?" என்று கேட்டுவிட்டால் அவன் கணக்கில் பயணம் கெட்டது. வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி காலெடுத்து வைப்பான். அது தெரிந்து தோட்டத்து ஆட்கள் நாங்கள் "தூரமா?" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அன்று அவன் குளுவாங்கில் வீரமுத்து மகள் செல்லத்தைப் பெண் பார்க்கப் புறப்பட்டான். காலை ரயிலை விட்டால், சாயங்காலம் சிகாமட்டிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வந்து பூ வைத்துவிடுவான். துணைக்கு நான்.

எங்கள் வீட்டு வரிசையான லயத்தைத் தாண்டியதுமே பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து ஹமீது சைக்கிளை நிறுத்தினார். "பெர்கி மானா, சாமி?"

எங்கே போகிறாய் என்பதுதான் அவர்களுக்கு வணக்கம், சௌக்கியம் எல்லாம். பதில்கூட எதிர்பார்க்க மாட்டார்கள்.

"போச்சுடா!" என்று ஐயாசாமி திரும்பினான். சொம்பு.

அடுத்து ஹமீதின் மனைவி. சொம்பு. பிறகு தேங்காய்க்காரர். அவர் தோளிலிருந்த தேங்காய் பறிக்கும் குரங்கும் அதையே கேட்டதாக ஐயாசாமி சத்தியம் செய்தான். அதற்கும் ஒரு சொம்பு.

"கெணறு வத்திடும்டா! ரயிலு வந்துரும்," என்றேன்.

"அதுக்காக? கெட்ட சகுனத்தோட பொண்ணு பாக்கவா?"

"சரி, திரும்பி நில்லு. பின்பக்கமாவே நட. வர்ற ஆளு மாதிரி இருக்கும்லா."

நடந்தான். கம்பமே வேலியோரம் திரண்டு, "டாரி மானா?" என்றது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் சகுனத்துக்கு ஒன்றும் ஆகாதே! முதுகை முன்னால் விட்டபடியே போய் ரயிலிலும் ஏறினான். இறங்குகிற ஆள் என்று நினைத்து ரயில் கார்டு சலாம் வைத்தார்.

வீரமுத்து வீட்டில் செல்லம் காப்பி கொண்டுவந்தாள். காப்பியை மறுத்தால் பெண்ணை மறுத்த மாதிரி. குடித்தான். குடித்த லாபிஸ் கிணறு முழுக்க அடிவயிற்றில் முட்டியது. துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினான்.

வீரமுத்து பதறினார். "மாப்ள, எங்க போறீங்க?"

படியிலேயே சிலையாகிவிட்டான். காலோடு காலைப் பின்னிக்கொண்டு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தான். கண்ணில் நீர்.

"ஒரு சொம்பு... தண்ணி."

செல்லம் அந்தப் பின்னிய கால்களைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள். வாங்கிப் பார்த்தால், அடியில் ஒரே ஒரு சொட்டு! நக்கினான்.

"குடிச்சாச்சுல்ல? போயிட்டு வாங்க," என்றாள்.

போன வேகத்தில் குளுவாங் ரயிலே வெட்கப்பட்டிருக்கும். திரும்பி வந்தபோது வீரமுத்து வெற்றிலைத் தட்டோடு காத்திருந்தார். அந்த வீட்டில் எல்லோருமே சகுனம் பார்க்கிறவர்கள்.

சாயங்காலம் சிகாமட் மாப்பிள்ளை பூவும் கையுமாகத் தெருமுனையில் தெரிந்தான். செல்லம் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். வீரமுத்து வாசலில் நின்று, ஊருக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"எங்க தம்பி போறீங்க?"