டுவேன் வொண்ட்ராவின் மூன்று கேள்விகள்

கோச் லமார் பெட்வே மூன்றாவது கிண்ணத்தை மார்லிஸிடம் நீட்டியபோது, அவருக்கு எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த டுவேன் வொண்ட்ரா செத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இது கோச்சுக்கும் தெரியாது, டுவேனின் மனைவி மார்லிஸுக்கும் தெரியாது. டுவேனுக்குத் தெரிந்திருந்தாலும் அவர் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கத்தில் அவரைப் போல் பேசாமல் இருந்தவர் யாருமில்லை. ஒரே ஒரு வருடம் ஏதோ ஞாபகத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிவிட்டார். அந்த வருடம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போனது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா கோச்?"

"ஊத்துங்கம்மா. எங்க அலபாமாவுல இந்த மாதிரி ருசிக்கு எங்க போறது!"

மாட்டுக்கறியும் சிவப்பு பீன்ஸும் கொதிக்கும் சில்லி. தொட்டுக்கொள்ளப் பட்டைத்தூளும் சர்க்கரைப் பாகும் வழிகிற உருட்டு பன். பனிக்காலத்தில் அந்த ஊர் வேறெதையும் தின்னாது. காரத்தையும் தித்திப்பையும் ஒரே வாயில் போட்டதும் கோச்சுக்குக் காது அடைத்தது. ஆனால் பெண் கேட்டுப் போனவர் மாதிரிதான், பையன் கேட்டுப் போன பயிற்சியாளரும். வைத்ததை மிச்சம் வைத்தால் பையன் கிடையாது.

அவருக்கு அந்தப் பையன் வேண்டும். செடார் ஃபோர்க் கல்லூரியின் கால்பந்து அணியைத் தூக்கி நிறுத்த டிசம்பரில்தான் அவரை நியமித்திருந்தார்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் அந்த ஆட்டத்தில், அணி முப்பத்தொரு முறை தொடர்ந்து தோற்றிருந்தது. எதிரணிக்காரர்கள் பாதி ஆட்டத்திலேயே பஸ்ஸை ஸ்டார்ட் செய்து சூடேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பார்க்க வந்தவர்களைவிட பாண்டு வாசிப்பவர்கள் அதிகம். அவர்களும் சாவு வீட்டுக்கு வாசிப்பது போலத்தான் வாசித்தார்கள். இந்த லட்சணத்தில் இருந்த அணிக்கு முதல் செங்கல்லாக அவர் தேடி வந்தது வொண்ட்ரா வீட்டு ஒரே பையன் ட்ரெவரை. பதினேழு வயது. கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். பிறந்த அன்றே நர்ஸ் அவனைப் பார்த்துவிட்டு, மாட்டு டாக்டரிடம் தராசு வாங்கிவர ஆளனுப்பினாளாம்.

அந்த ட்ரெவர் இப்போது வெளியே இருந்தான். கோச் வாடகைக்கு எடுத்து வந்த தீப்பெட்டி அளவுக் கார் பனியில் புதைந்துபோய்விட, இரண்டு மணிக்கு அதை டிராக்டரால் இழுக்கப் போயிருந்தான். அவன் கிளம்பும்போது டுவேன், "செயின எடுத்துக்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேசிய மொத்தமும் அவ்வளவுதான்.

"கோச், இவரு யோசிக்கிறாரு," என்றாள் மார்லிஸ், அடுப்பு மேடையிலிருந்து. அங்கிருந்து அவளுக்கு நாற்காலியின் முதுகும், அதற்கு மேல் விதைக் கம்பெனித் தொப்பியும்தான் தெரிந்தன. இருபத்தாறு வருடமாக அந்தத் தொப்பியைப் பார்த்தே அவருடைய மனதைப் படித்தவள் அவள். வங்கியில், சர்ச்சில், தீவனக் கடையில், "டுவேன் என்ன சொல்றாருன்னா" என்று அவள்தான் ஆரம்பிப்பாள். டுவேனின் ஒலிபெருக்கி என்று ஊரே சிரிக்கும்.

"டுவேன் என்ன கேக்குறாருன்னா," என்றாள், "புள்ளைக்கு முட்டி போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

கேள்வியில் கத்தி இருந்தது. டுவேனும் ஒரு காலத்தில் ஒரு கல்லூரிக்கு ஆடப் போனவர். செப்டம்பரில் முட்டி உடைந்தது. வசந்தத்தில் உதவித்தொகையை நிறுத்தி, படிப்பையும் நிறுத்தி, ஊன்றுகோலோடு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

"ஒரு வருஷம் உதவித்தொகையோட வச்சுப் பாப்போம் சார்," என்றார் கோச், தொப்பியைப் பார்த்து.

தொப்பி அசையவில்லை.

கோச் ஐந்நூறு அப்பாக்களைச் சமாளித்தவர். கத்தியவர்கள், அழுதவர்கள், துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே பேசியவர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, தொப்பியைப் புருவம்வரை இறக்கி, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு இப்படிக் கல்லாக உட்கார்ந்த மனிதரை இன்றுதான் பார்க்கிறார்.

"சரி... ரெண்டு வருஷம்."

அசைவில்லை. கோச்சின் நெற்றியில் வேர்வை. சில்லியும் ஒரு காரணம்.

"சார், நீங்க பேரத்துல கில்லாடி. பட்டம் வாங்குற வரைக்கும். ஒரு ஆட்டம்கூட ஆடலன்னாலும் சரி. போதுமா?"

மார்லிஸ் அடுப்பைத் தணித்தாள். கோச் இவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்று அவள் நினைக்கவில்லை.

"அத எழுதிக் குடுப்பீங்களான்னு கேக்குறாரு."

கோச் பையிலிருந்து ஆட்டக்கோடுகள் வரைந்த ஒரு தாளை எடுத்து, திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதினார். அவள் கரண்டியோடு நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட ஒரு ஆள் இவ்வளவு வசமாக மாட்டியதில்லை.

"இன்னொண்ணு கேக்குறாரு. ரெண்டு வருஷத்துல பெரிய காலேஜ்ல இருந்து கூப்ட்டா நீங்க ஓடிருவீங்க. அப்புறம் இந்தத் தாள் எதுக்கு, அடுப்பு மூட்டவா?"

கோச் வாய்விட்டுச் சிரித்தார். "மனுசன் ஒரு வார்த்தை பேசாம என் தோல உரிக்கிறாரும்மா!" என்று சொல்லி, கல்லூரித் தலைவரிடமும் கையெழுத்து வாங்கித் தருவதாக இன்னொரு வரி எழுதினார்.

மார்லிஸ் நாற்காலியின் முதுகைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஜெயிச்சுட்டோம் டுவேன், என்று நினைத்தாள்.

கோச் எழுந்து, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேரத்தை முடிக்க டுவேனிடம் கையை நீட்டினார். டுவேன் கை நீட்டவில்லை. இதுவும் ஏதோ ஒரு தந்திரம் என்று நினைத்து, கோச் குனிந்து வயிற்றின்மேல் இருந்த கையைத் தானே எடுத்துக் குலுக்கினார்.

குலுக்கிய கை நின்றது.

அவர் அந்தக் கையை விடவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு மட்டும், கலைக்க மறந்த பந்தல் மாதிரி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அம்மா," என்றார். "இங்க வாங்கம்மா."

"என்ன கோச், இன்னும் கேக்குறாரா?"

"அந்தக் கரண்டியக் கீழ வச்சுட்டு வாங்க."

அவள் வைக்கவில்லை. கரண்டியோடுதான் வந்தாள். தொப்பியைத் தூக்கினாள். இருபத்தாறு வருடமாகப் பார்த்த கண்கள். பாதி மூடி, தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. கரண்டியிலிருந்து சில்லி அவர் சட்டையில் சொட்டியது. அவள் அவசரமாகத் தன் விரலால் அதைத் துடைத்தாள். மறுபடி சொட்டியது, மறுபடி துடைத்தாள். கோச்தான் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"டுவேன்," என்றாள். "ஏய். டுவேன்."

ஊரின் ஆம்புலன்ஸை ஓட்டுவது தீவனக் கடை கேலன். கடை ஏப்ரனோடு வந்தான். கழுத்தைத் தொட்டான், விரல்களை மடக்கிப் பார்த்தான், பிறகு முழங்காலிட்டபடியே சொன்னான்.

"முக்கால் மணி நேரம் ஆயிருக்கும் மார்லிஸ். இதயம். டக்குனு நின்னுருக்கு. பக்கத்துலயே டாக்டர் இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றடிக்கப் பத்து நிமிடம். முக்கால் மணி நேரம் கழித்தால் இரண்டு ஐந்து. டிராக்டர் கிளம்பியது இரண்டு. முட்டிக் கேள்வி இரண்டேகாலுக்குப் பிறகு. மறுபடி கழித்துப் பார்த்தாள். விடை மாறவில்லை. முதல் கேள்விக்கே அவர் இல்லை.

"அப்ப யாரு கேட்டது?" என்றாள்.

கேலனுக்குப் புரியவில்லை. கோச் தன் ஷூவைப் பார்த்தார். வெளியே டிராக்டர் நின்றது. "காரை எடுத்தாச்சு சார்!" என்று கத்திக்கொண்டு ட்ரெவர் பக்கவாட்டில் கதவில் நுழைந்தான்.

*

வியாழக்கிழமை அடக்கம். அதற்குள், மேஜையில் கிடந்த தாளைக் கேலன் படித்துவிட்டிருந்தான். கேலனுக்குத் தெரிந்தால் மூன்று மாவட்டத்துக்குத் தெரிந்த மாதிரி. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் போய்க்கொண்டிருந்தபோது கதை யானை அளவுக்கு ஊதியிருந்தது.

"உயிரு போற நேரத்துலயும் பேரம் பேசியிருக்காரு பாரு!"

"வாழ்நாள் பூரா சேத்து வச்ச பேச்சு. மொத்தத்தையும் அந்த கோச் தலையில இறக்கிட்டாரு."

"மூணே கேள்வி. வக்கீலு தோத்தான்!"

மார்லிஸ் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள். அவளுடைய மூன்று கேள்விகள், ஒவ்வொரு மேஜையிலும் டுவேனுடையவையாக. யாராவது அவள் தோளைத் தட்டி, "பெரிய மனுசன்" என்றால், கோப்பை நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் தலையாட்டினாள். நாலு நாளாக அவள் அழவில்லை. தலைக்குள் அந்தக் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கோச் கல்லூரி வேனில் பதினொரு ஆட்டக்காரர்களோடு வந்திருந்தார். பந்தைப் பிடிக்கத் தெரியாத பையன்கள், சாண்ட்விச் தட்டுகளை ஒன்றுகூடக் கீழே விடாமல் காலி செய்தார்கள். பையன்களைச் சேர்க்கும் கையெழுத்து நாள் நேற்றே போய்விட்டது. ட்ரெவரின் இடத்தைக் கோச் காலியாக வைத்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒதுங்கி அவளிடம் வந்து, "தலைவர் கையெழுத்தும் ஆச்சும்மா. புள்ள கையெழுத்துதான் பாக்கி," என்று உறையை நீட்டினார்.

அவள் வாங்காமல் கேட்டாள். "கைய தொட்டப்பவே தெரிஞ்சுதுல்ல? அவரு எதுவும் கேக்கலன்னு."

"தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு இது?"

"நான் வாக்குக் குடுத்த ஆளு உசுரோடதான் இருக்காங்க. கரண்டிய வச்சுக்கிட்டு நின்னாங்க."

ட்ரெவர் அவர்களை நோக்கி வந்தான். அப்பாவின் கோட்டுக் கை அவனுக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். நான் வரல. அடுத்த வாரத்துல இருந்து கன்னு போட ஆரம்பிச்சுரும். இருநூறு மாடு."

பக்கத்து மேஜையில் தலைகள் ஆடின. "நல்ல புள்ள," என்றது ஒரு குரல்.

கோச் நீட்டிய உறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரெவர் போகவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு சார்," என்றான். "எல்லாரும் சொல்றாங்க. நீங்கதான் அங்க இருந்தீங்க. நான் போகட்டும்னு அப்பா சொன்னாரா?"

கோச் மார்லிஸைப் பார்த்தார். கேலன் சாண்ட்விச்சைப் பாதி வாயில் நிறுத்தினான். 'டுவேன் என்ன சொன்னாருன்னா' என்று தொடங்கினால் போதும், பையன் கிளம்பிவிடுவான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில், இருபத்தாறு வருடப் பழக்கத்தில், தானாக வந்து நின்றது.

"இல்லடா," என்றாள். "அப்பா ஒண்ணும் சொல்லல. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அவருக்குச் சம்மதமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்த மூணையும் கேட்டது நான்."

கேலன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தான்.

ட்ரெவர் நிமிர்ந்தான். "நீயா?"

"நான்தான். அவரு செத்தது தெரியாம கேட்டேன்." காப்பிக் குடுவையைக் கேலனிடம் கொடுத்தாள். "இப்ப தெரிஞ்சும் சொல்றேன். மாடு என் வேலை. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இந்தக் கையால கன்னு இழுத்துப் போட்டிருக்கேன். நீ போ."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், புது ஆளைப் பார்ப்பது போல. எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது; கேலனைக் கேட்டால் அரை மணி நேரம் என்பான். பிறகு கோச்சின் கையிலிருந்த உறையை வாங்கிப் பிரித்தான்.

மேஜைகளில் தட்டு வைக்காத இடமில்லை. மூலையில் ஞாயிறு வகுப்புக்கான பழைய பியானோ திறந்திருந்தது. அவன் தாளை அதன் கட்டைகளுக்கு மேலிருந்த பலகையில் வைத்து, சாய்ந்து எழுதினான். முழங்கை பட்டு, கீழ் ஸ்தாயிக் கட்டை ஒன்று அழுந்தியது. முழுப் பெயரையும் எழுதி முடித்துக் கையை எடுக்கும்வரை அந்தச் சத்தம் கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.