நாலாவது அட்டை

அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த அட்டைகள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஒரு விதி. உள்ளங்கை அளவில் வெட்டி, எண் போட்டு, வளையத்தில் கோத்திருந்தேன். அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் அது எப்போதும் தொங்கும். நினைத்ததை விட்டுவிட்டு நடந்ததை எழுதச் சொல்லி நான் போகும் மாலை வகுப்பில் நாட்குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் நடந்தது முழுக்க நான் நினைத்ததால் வந்த வினை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன். சரியா என்று தெரியவில்லை.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அக்காவுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் வீட்டில் அதன் பெயர் பிடிவாதம். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் உறுத்தும், வெட்டிவிட வேண்டும். விருந்தாளி வருவதை முந்தின நாளே சொல்ல வேண்டும். வேலை விட்டு வந்தால் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அதுவரை யாரும் பேசக்கூடாது. சொன்னால் சொன்னபடி செய்வாள், சொல்லாததைச் செய்ய மாட்டாள்.

முந்தைய வேலை பெட்டிகளில் லேபிள் ஒட்டுவது. அங்கே, பெட்டிக்குப் பெட்டி, "நீங்க ஒட்டினது கோணல்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னாள். கோணல்தான். ஆனாலும் பதினோராம் நாள் அனுப்பிவிட்டார்கள். அன்று நான் எழுதியதுதான் நாலாவது அட்டை: "வேலை இடத்தில் எதிலும் குறை சொல்லாதே."

இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். ஒரு மாதச் சோதனைக்காலம், வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

திங்கட்கிழமை அங்கிருந்து சாவிக்காரம்மா போனில் கூப்பிட்டார். அவர்தான் மேற்பார்வை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து குலுங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரம்மாதான்.

"வேலையில ஒரு குறை சொல்ல முடியாதும்மா. மடிச்சா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு. ஆனா தினம் ரெண்டு மூணு தடவை எழுந்து வாசல்ல போய் நின்னுடறாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல. வெள்ளிக்கிழமை நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுதறது?"

நான் நோட்டில் மூன்று காரணங்கள் எழுதினேன். இயந்திரச் சத்தம். சோப்பு நெடி. இஸ்திரி போடுகிறவரின் பாட்டு. செவ்வாய்க்கிழமை காதுக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். மாலையில் மறுபடி அழைப்பு: "இப்ப காதுல அதை மாட்டிக்கிட்டே வாசல்ல நிக்கறாங்கம்மா."

புதன்கிழமை பாட்டை நிறுத்தச் சொன்னேன். இஸ்திரிக்காரருக்கு மனம் நொந்துவிட்டதாம். "என் பாட்டுக்கு அழுதவங்க இருக்காங்க. எழுந்து போனவங்க இல்ல" என்றாராம். பாட்டு நின்றது. அக்கா அன்றும் வாசலில் நின்றாள்.

அம்மா கேட்டாள்: "அவளைக் கேட்டியாடி?"

"அங்க என்ன கஷ்டம்னு கேட்டேனே. ஒண்ணுமில்லன்னா."

"கஷ்டத்தைக் கேட்ட. காரணத்தைக் கேட்டியா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற."

அக்காவின் அரை மணி நேரம் முடியும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, நீ எப்பெப்ப வாசலுக்குப் போவ?"

"மூணாவது உலர்த்துற மெஷின் ஓடும்போது."

"அது ஓடினா என்ன?"

அவள் வளையத்தை எடுத்து நாலாவது அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"நீதானே எழுதின? படி."

படித்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது.

"இது வீடுக்கா. இங்க சொல்லலாம்."

யோசித்தாள். "ஆமா, வேலை இடத்துலன்னுதான் போட்டிருக்கு. பஞ்சு கருகற வாசனை வருது. முதல் வாரம் கொஞ்சம். இப்ப நிறைய. தீப்பிடிச்சா வாசல் கிட்ட இருக்கணும்."

"மத்தவங்களுக்கு வரலையா?"

"கேக்கல. கேட்டா அது குறை சொன்ன மாதிரி."

மூன்று வாரமாகப் பயந்துகொண்டு, என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு இவள் அங்கே மடித்திருக்கிறாள். சாவிக்காரம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. ஆத்திரத்தில் அட்டையைக் கிழிக்கப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சு வருமா?"

"சரி, புதுசா எழுதறேன். என்ன எழுத?"

முதல் முறையாக அவளைக் கேட்டு எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல: "ஆளிடம் குறை இருந்தால் சொல்லாதே. பொருளில் குறை இருந்தால், சாவி வைத்திருப்பவரிடம் உடனே சொல்." ஆளே ஆபத்தானவராக இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அதற்குப் பத்தாவது அட்டை வேண்டும். அதையும் அவளைக் கேட்டே எழுத வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அக்கா அட்டையை உரக்கப் படித்துவிட்டு, "மூணாவது மெஷின் கருகுது" என்றாள்.

சாவிக்காரம்மா மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே."

"பாட்டை நிறுத்தினதுலேர்ந்து எனக்கு மூக்கே வேலை செய்யல" என்றார் இஸ்திரிக்காரர், என்னைப் பார்த்தபடி.

ஆனாலும் சாவிக்காரம்மா இயந்திரத்தை நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்தார். பின்மூடியைக் கழற்றினால், தலையணை அளவுக்குத் துணிப்பஞ்சு அடைந்து கிடந்தது. ஒரு பக்கம் பழுப்பேறி, ஓரம் கரிந்திருந்தது. மெக்கானிக் எழுந்து போய், மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல?" என்றார் சாவிக்காரம்மா.

அக்கா என்னைக் காட்டினாள். "இவதான் சொல்லக்கூடாதுன்னு எழுதினா."

"ஆமாங்க, தப்பு என்னோடது" என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முடிவு தெரியாமல் அரை மணி நேரம் நானும் அம்மாவும் சமையலறையில் ஒரே பாத்திரத்தை மாற்றி மாற்றிக் கழுவினோம்.

பிறகு அவளே வந்தாள். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரணும். இனிமே சோதனை இல்ல."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவிச் சத்தம் தலைக்குள்ள குத்துதுன்னும் சொன்னேன்" என்றாள் அக்கா.

"ஐயையோ! அவங்ககிட்டயேவா? எப்ப?"

"என் வேலைக் காகிதத்துல அவங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி."

"என்ன சொன்னாங்க?"

"சாவியைக் கைக்குட்டையில சுத்திப் பையில போட்டுட்டுக் கையெழுத்து போட்டாங்க."

நான் புதிய நாலாவது அட்டையை எடுத்து மறுபடி படித்தேன். சாவி பொருள்தான். அக்கா அட்டையில் எழுதியிருக்கிறபடியே நடந்திருக்கிறாள்.