மண்ணெண்ணெய்க்கு வெட்டிய கோடு

சனிக்கிழமை பின்னேரம் அனுஜா கனடாவுக்குப் புறப்படுகிறாள். விமான நிலையம் கொண்டுபோக, வங்காலையில் புருஷன் வீட்டு வாசலுக்கு வான் வண்டி வருகிறது. இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெடியன் நிறோஜனை அவள் கட்டியது பிடிக்காமல், கலியாணத்துக்கே போகாத தகப்பன் லோறன்ஸ். வழியனுப்பவாவது போகவேண்டும் என்று அவர் முடிவெடுத்ததே வெள்ளிக்கிழமைதான். வீம்புக்காரருக்கு நல்ல புத்தி பிந்தித்தான் வரும். மனைவி லூசியா முன்பே மகளிடம் போய்விட்டாள். அவளுக்கும் அவர் சொல்லவில்லை.

ஆட்டோவில் போய் இறங்க அவருக்கு மனமில்லை. சின்ன வயதில் அனுஜாவை முன்னால் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அந்தப் பழைய இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில்தான் போவார். ஆனால் அவர் ஊரான தாழ்வுபாட்டு உப்புக்காற்றில், பொறி தட்டும் பொயின்ற் பச்சை பிடித்து, கால் ஓயும்வரை உதைத்தாலும் அது ஸ்டார்ட் வருவதில்லை. சனிக்கிழமை காலை மன்னார் ரவுணில் றிபாத்தின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய், பொயின்றைக் கழற்றிவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் பூட்டச் சொன்னார்.

"பொறி விழுற நேரம் சரியோ எண்டு ரைமிங் லைற் பிடிச்சுப் பார்த்திட்டுத் தாறன் அண்ணன். கொஞ்சம் இருங்க," என்றான் றிபாத்.

"லைற் என்னத்துக்கு? உள்ளுக்கை ஒரு வெட்டுக்கோடு கிடக்கும். நான் அரத்தாலை வெட்டினது. அதுக்கு நேரை வையும்."

"ரெண்டு கோடு கிடக்கு அண்ணன்."

"வெட்டினதுக்கு வையும் எண்டிறன்."

றிபாத் அந்த வெட்டுக்கே வைத்தான். முதல் உதையிலேயே இரண்டு சிலிண்டரும் பிடித்தன. லோறன்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

பாலம் தாண்டும்வரை சமாளித்தார். வங்காலைப் பக்கம் திரும்பியதும் தென்மேற்குச் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. முழுக்க முறுக்கியும் இழுவை இல்லை. இஞ்சின் அடுப்பாகக் கொதித்தது. சைலன்சர் குழாய் நீலம் பாரித்திருந்தது.

அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்றது. அந்தக் கோடு பெற்றோலுக்கு உரியதல்ல; பெற்றோலுக்குக் கொம்பனி போட்டது மற்றக் கோடு. சண்டை நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில், நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியபோது, பொறி சற்றுப் பிந்தி விழட்டும் என்று வெட்டியது. தடை நீங்கியபின் சத்தத்தைக் கேட்டே பொயின்றைத் திருப்பி வைத்து ஓடியதில் கோட்டின் கதை மறந்துபோயிற்று. இந்த லட்சணத்தில் றிபாத்துக்குப் புத்தி சொல்லப் போனார்.

நிறுத்தி ஆறவிட்டிருக்கலாம். வான் போய்விடுமே என்ற பயத்தில் இன்னும் முறுக்கினார். இஞ்சின் இறுகி, பின்சில்லு இழுபட்டு நின்றது. மோட்டார் சைக்கிளை ரோட்டோரம் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியில் வந்த ட்ராக்டர் ஒன்று ஏற்றிக்கொண்டது.

வாசலில் ஆட்கள் இருந்து எழும்பிய வெறும் கதிரைகள் கிடந்தன. லூசியா மட்டும் நின்றாள்.

"இப்பத்தான் வெளிக்கிட்டவை," என்றாள்.

அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். "அவளுக்கு ஒருக்கா ஃபோன் எடு. இஞ்சின் இறுகிப்போச்சு எண்டு சொல்லு."

லூசியா எடுத்து, அவருக்கும் கேட்கும்படி பிடித்தாள். "பிள்ளை, அப்பா வந்து நிக்கிறார். மோட்டார் சைக்கிள் வழியிலை நிண்டிட்டுதாம்."

வானின் இரைச்சலுக்கு நடுவில் அனுஜா, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"கலியாணத்தண்டைக்கும் அப்பா அதைத்தானே சொன்னவர், அம்மா."

லூசியா அவரைப் பார்த்தாள். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பழுதும் இருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.