ரங்கூனா, கொழும்பா

மகள் ஆயிஷாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாளே பீர் மைதீன் வெளியூர் விலைவாசி விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் அவனுக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கோடையில் கிணறுகள் அடி தெரிய வற்றியபோது வந்த வாந்திபேதி, காலையில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பிள்ளையைச் சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்விட்டது. அவனுக்கும் நூர்னிசாவுக்கும் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

ஊரைவிட்டுப் போக அவன் வெளியே சொன்ன காரணம் வியாபாரம். அதுவும் பொய்யில்லை. மழை பொய்த்து, படிக்கணக்கில் பருப்பு வாங்கியவர்கள் ஆழாக்குக்கு இறங்கியிருந்தார்கள். ரங்கூனில் மளிகைக்கடை வைத்திருந்த தாய்மாமன் சேக் முகைதீன், வந்தால் இடமுண்டு என்று ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். கொழும்பிலிருந்து வந்திருந்த கூட்டாளி அகமது கபீரோ, "ஏலே, எங்கூட வந்துரு, சேந்து யாவாரம் பண்ணுவோம்" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டான். எந்த ஊரில் என்ன சம்பாத்தியம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். அங்கே போய் எதைத் தின்று எங்கே படுப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. பீர் மைதீன் அந்த ஆட்களைத் தேடிப் போனான்.

முதலில் ராஜபாளையம் சந்தைக்கு. அங்கே வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தனுஷ்கோடி, ரங்கூன் அரிசி ஆலையில் வெகுகாலம் மூட்டை சுமந்தவர். மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே பேசினார்.

"அரிசிக்கு அங்க பஞ்சமே கெடையாது ராவுத்தரே. இங்க ஒரு ரூவாய்க்கு வாங்குறத அங்க பத்தணாவுக்கு அள்ளிக்கிடலாம். ஆனா எடம் இருக்கே எடம்! நாங்க ஒரே அறையில பன்னெண்டு பேரு. பகல் வேலைக்காரன் எந்திரிச்ச பாயில ராத்திரி வேலைக்காரன் வந்து விழுவான். பாயில சூடு ஆறவே ஆறாது."

"குடும்பத்தோட போனா அண்ணாச்சி?"

"தனி அறைன்னா எட்டு ரூவாய்க்குக் கொறஞ்சு ஏது? வெறகுக்குத் துட்டு, குடிக்கத் தண்ணிக்குத் துட்டு. பொம்பளையக் கூட்டிட்டுப் போனவன் எவனும் நாலு காசு சேத்து நான் பாக்கல. ஒத்தையாப் போங்க. மூணு வருசத்துல நிமிந்துரலாம்."

அடுத்த வாரம் செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில் சண்முகத்தாயைப் பார்த்தான். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் புருஷனோடு எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். புருஷன் இறந்ததும் திரும்பிவந்து, மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ரூவாய்க்கு நூறு சதம், தம்பி. நம்ம அணாக் கணக்க மறந்துரணும். அரிசி கப்பல்ல வந்து எறங்கணும், அதனால வெல கூடத்தான். தேங்காயும் மீனும் சல்லிசு. வாடகை, கழுத்த நெரிக்குற மாதிரி இருக்காது. எல்லாத்துக்கும் மேல, தூத்துக்குடியில சாயங்காலம் கப்பல் ஏறினா விடியக் கொழும்பு. ஊருல ஒரு நல்லது பொல்லதுன்னா ஓடியாந்துரலாம்." கீழே கிடந்த மாங்காயைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு கேட்டாள்: "ஒன் வீட்டுக்காரி எந்த ஊருக்குப் போகணுங்கா?"

"அவகிட்ட இன்னும் கேக்கலக்கா."

"நல்லாருக்கு! ஊரு ஒலகத்துல அம்புட்டுப் பேத்தையும் கேட்டுட்டு, கூட வரப்போறவள மட்டும் விட்டுட்டியாக்கும்?"

வீட்டில் பேச்சு நின்று எத்தனையோ நாளாயிற்று என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? உப்பு தீர்ந்துவிட்டது, குடத்தில் தண்ணீர் இல்லை, இவ்வளவுதான் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பேச்சு. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்தால் பிள்ளையில்தான் போய் முட்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி நடக்கும்போதே அவன் கொழும்பு என்று முடிவு செய்துவிட்டான். பிள்ளையை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. நூர்னிசா சுவருக்கு வெளியே, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நிற்பதை அவன் இரண்டு தரம் கண்டிருந்தான். காணாதவன் மாதிரி வேறு தெரு வழியாகப் போய்விட்டான். கொழும்பென்றால் வருஷம் ஒரு தரமாவது அவளைக் கூட்டிவந்து அந்தச் சுவரோரம் நிறுத்தலாம். ஒரு தாய்க்கு அதைக்கூடச் செய்யாமல் போனால் தான் என்ன மனுஷன் என்று நினைத்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது பேச்சை எடுத்தான். அரிசி, விறகு, வாடகை என்று இரண்டு ஊர்க் கணக்கையும் ஒப்பித்தான். ரங்கூனில் வருமானம் கூடுதல், ஆனால் குடும்பத்தோடு இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. கொழும்பில் வருமானம் மட்டு, ஆனால் வாய்க்கும் கைக்கும் சரியாக இருக்கும். நூர்னிசா விசிறியை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதனால கொழும்புக்கே போயிருவோம். நெனச்சா வந்து போகலாம்" என்று முடித்தான்.

"கொழும்பு வேண்டாங்க."

பீர் மைதீன் நிமிர்ந்து பார்த்தான்.

"வருசத்துக்கு ஒருதரம் வந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போனா, நான் எங்கயும் போய்ச் சேர மாட்டேன். ஒரு கால் அங்க, ஒரு கால் அந்தச் செவரோரத்துலன்னு நிப்பேன். நெனச்சா ஓடியார முடியாத ஊரு எதுவோ, அதுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அவள இங்க விட்டுட்டா?"

"விட்டுட்டுப் போறேன்னு யாரு சொன்னா?" அவள் குரல் உயரவில்லை. "இத்தன நாள்ல நான் வாய்விட்டு அழுது பாத்தீங்களா? வாசல்ல கால வச்சா, 'சபூரா இரு, பொறுத்துக்கோ, அல்லா இன்னொண்ணு குடுப்பான்'ங்காக. அவிய நல்லதுக்குத்தான் சொல்லுதாக. கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. என்னைய யாருன்னே தெரியாத ஊரு ஒண்ணு வேணுங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. கால் கடுக்க நடந்து விசாரித்ததெல்லாம் வீணா? "மாசம் எட்டு ரூவா வாடகை! தண்ணிக்குக்கூடத் துட்டு. ஒத்தைக்காசு சேக்க முடியாது, தெரியுமா?"

"சேத்து வச்சு யாருக்குக் குடுக்கப்போறோம்?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. தன்னுடைய கணக்கு எல்லாமே, பின்னால் ஒரு பிள்ளைக்கு விட்டுப்போகிறவனுடைய கணக்கு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. நூர்னிசா விசிறியை நிறுத்தவில்லை. செத்த நேரம் கழித்து, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

ஆடி கழிந்ததும் கடையை ஐயாதுரை நாடாரிடம் ஒப்படைத்துவிட்டு, சாத்தூர்வரை வண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் போய், சென்னப்பட்டணத்தில் கப்பல் ஏறினார்கள். அகமது கபீர் வருத்தப்பட்டான். 'பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான்' என்று கடைத்தெருவில் சொன்னவர்களும் உண்டு. கடலில் நூர்னிசாவுக்குப் படுத்த படுக்கைதான். பீர் மைதீன் அவள் தலையைத் தாங்கிக் கஞ்சி கொடுத்தான். பிள்ளை போன பிறகு அவன் அவளைத் தொட்டது அப்போதுதான்.

ரங்கூனில் செலவு தனுஷ்கோடி சொன்னதற்கு மேலேயே இருந்தது. மொகல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மரப்பலகைச் சுவர் வைத்த அறைக்குப் பத்து ரூபாய் கேட்டார்கள். மாமா கொடுத்த சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் ஓடவில்லை. நூர்னிசா கடையாட்கள் நாலு பேருக்கு மாதக் கணக்கில் சோறு ஆக்கிப் போட ஆரம்பித்தாள். அரிசி சல்லிசு என்றதுமட்டும் நிஜம். அதனால் வண்டி ஓடியது. மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

ஒருநாள் மத்தியானம், எதையோ எடுத்துப்போக மாமா கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பீர் மைதீன் சந்து முனையிலேயே நின்றுவிட்டான். அவன் அறையிலிருந்து அழுகைச் சத்தம். அடக்காமல், மூச்சு வாங்கி வாங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி நூர்னிசா அழுதுகொண்டிருந்தாள். பதறி ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்த்தான். பக்கத்து அறையில் குடியிருந்த தெலுங்குக்காரி, விசாகப்பட்டணத்துப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவரின் பெண்சாதி, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில், வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர்களைக் கேட்டுக் கேட்டு நூர்னிசாவுக்கு அந்தப் பாஷையில் நாலைந்து வார்த்தை தெரியும்.

"நா பிட்ட," என்றாள் விம்மலுக்கு நடுவே. என் பிள்ளை. "நா பிட்ட லேது." இல்லை.

அந்தப் பெண் பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. இன்னொன்று பிறக்கும் என்றும் சொல்லவில்லை. தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தானும் சேர்ந்து அழுதாள்.

பீர் மைதீன் உள்ளே போகவில்லை. வந்த வேலையை மறந்து, கடைப் பக்கம் மெதுவாகத் திரும்பி நடந்தான்.