சூரியன் உதிக்கும்போது இருந்தவர்கள்

கிளியம்மாள் செத்த ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், அவளைப் பற்றி விசாரிக்க சர்க்கார் ஆள் வந்து நின்றார். எண்பத்து மூன்று வருஷம் அவள் இந்த மண்ணில் நடமாடியபோது ஓட்டுக் கேட்கிறவர்களைத் தவிர ஒரு நாதியும் அவளுக்கென்று அந்த வாசலுக்கு வந்து விசாரித்ததில்லை. செத்த பிறகுதான் மனுஷருக்கு மவுசு வருகிறது.

வந்தவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக் கோதண்டராமன் வாத்தியார்தான். அந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் நாடு முழுக்க ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் நாலு தெருவை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பிப்ரவரியில் வீடு வீடாக வந்து ஆளுக்கு ஒரு சீட்டு, இந்த வீட்டில் கிழவியோடு சேர்த்து ஐந்து சீட்டு, நிரப்பிக்கொண்டு போனார். இப்போது இரண்டாம் சுற்று. இடையில் பிறந்தது யார், செத்தது யார் என்று பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டால் அவர் பாடு தீர்ந்தது. அன்றைக்குத்தான் கடைசி நாள்.

சாவுக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. மருமகள் பாஞ்சாலி நாற்காலி கொண்டுவந்து அதன் கீழே போட்டாள். அவள் புருஷன் கன்னியப்பன், கிளியம்மாளின் மூத்த மகன், மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து குந்தினான். அவன் தங்கை கோவிந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிகிற வரைக்கும் இருந்து போவதென்று அரக்கோணத்திலிருந்து வந்தவள்.

வாத்தியார் துக்கம் விசாரித்துவிட்டு, பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து, விஷயத்துக்கு வந்தார். "மார்ச் ஒண்ணாம் தேதி சூரியன் உதிக்கறப்ப யார் யார் உசுரோட இருந்தாங்களோ அவங்கதான் கணக்கு. முன்னாடியே போயிருந்தா சீட்ட அடிச்சிடணும். பின்னாடின்னா அப்படியே இருக்கும். உங்கம்மா அதே ஒண்ணாம் தேதி வெள்ளிக்கிழமை போயிட்டாங்க. உதயத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான் சார்," என்றான் கன்னியப்பன். தான் ஏழு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே அம்மா இருமியது காதில் விழுந்தது என்றும், கைகழுவிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள் என்றும் சொன்னான். வெள்ளிக்கிழமை அவன் இதைச் சொன்னபோது ஒரே ஓர் இருமல்தான் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் அது மூன்று இருமலாகி, 'கன்னீப்பா' என்று ஒரு கூப்பிடலும் சேர்ந்துவிட்டது. அவன் பொய்யன் இல்லை. பக்கத்து அறையில் அம்மா உயிரை விடும்போது நாம் அறியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோமே என்கிற வேதனையில், அந்த இருமலை அவனே உண்டாக்கி அவனே நம்பியும் விட்டான்.

பாஞ்சாலி அவன் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை யாரும் இருமவில்லை. இருமுவதற்கு ஆள் இல்லை. கிளியம்மாளின் மூச்சு நின்றது விடியாத இருட்டில், ஐந்து மணிக்கு. பாஞ்சாலி அதை வீட்டுக்குச் சொன்னது ஏழரைக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் ஒரு சாவையே சோற்றில் மறைத்தவள். கிழவி சொல்லித்தான் செய்தாள். ஆனால் சொன்ன வாய் எரிந்து சாம்பலாகிவிட்டது. இனி யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? விஷயம் வெளியே வந்தால், மாமியார் பிணத்தை உள்ளே கிடத்திவிட்டுப் புருஷனுக்குப் பந்தி வைத்தவள் என்ற பேர் அவள் பேத்தி காலம் வரைக்கும் நிற்கும்.

கன்னியப்பன் அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்றான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பொறுமை அப்போது அவனுக்கு இல்லை. வாத்தியாரையே படிக்கச் சொன்னான்.

பெயர் கிளியம்மாள். வயது எண்பத்து மூன்று. அந்த வயதைக் கண்டுபிடித்ததே தனிக் கூத்து. எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டபோது ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இந்த ரோட்டு வழியாக ஓடிவந்தார்கள், தான் முன்பல் விழுந்த வாயோடு நின்று வேடிக்கை பார்த்தேன் என்று கிழவி சொல்ல, வாத்தியார் விரல் விட்டு எண்ணிப் போட்ட வயது அது. கல்யாணமானபோது வயது பதின்மூன்று. உயிரோடு பெற்ற பிள்ளைகள் ஏழு. இருப்பது மூன்று. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே போன நாலு பேரையும் அவள் பேரோடு சொல்ல ஆரம்பித்ததும், சீட்டில் பேருக்கு இடமில்லை என்று வாத்தியார் சொன்னதும் பாஞ்சாலிக்கு நினைவு வந்தது. இடமில்லை என்ற பிறகும் கிழவி நாலு பேரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அடுத்தது, போன வருஷம் ஏதாவது வேலை செய்தாரா என்ற கேள்வி. அன்றைக்குப் பாஞ்சாலி முந்திக்கொண்டு, வயசானவங்க, சும்மா வீட்டில்தான் இருக்காங்க என்று சொல்லிவிட்டாள். கிழவிக்கு வந்ததே கோபம். விதைக்கடலை உரித்தது யார், இரண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டினது யார், கதிர் முற்றினபோது வரப்பில் உட்கார்ந்து குருவி ஓட்டினது உங்கப்பனா என்று ஒரு பிடி பிடித்தாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே, விவசாய வேலை என்று எழுதினார். அந்த வீட்டில் மாமியார் உடைத்தாலும் மருமகள் உடைத்தாலும் குடம் மண்குடம்தான். சண்டை போட்ட கையோடு கிழவி பாஞ்சாலியின் தலையில் பேன் பார்க்க உட்கார்ந்துவிடுவாள்.

கேட்கக் கேட்க கன்னியப்பனின் கண் கலங்கியது. நாற்பத்து மூன்று வயதில் தாலியறுத்து, ஒற்றை ஆளாக ஏர் பிடித்து அம்மா தங்களை வளர்த்ததைச் சொன்னான். தன் மகன் வசந்தகுமார் மூன்று வயதாகியும் நிற்காதபோது, ஏரிக்கரை மணலில் இடுப்பளவு குழி வெட்டி அதில் அவனை நிற்கவைத்து, மணல் தள்ளி, எதிரே உட்கார்ந்து தினமும் ஒரு நாழிகை கதை சொன்னவள் அவள்தான் என்றான். இன்றைக்குக் கம்பெனியில் அந்தப் பையன் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறான். அவள் பேர்மேல் கோடு போடாதீர்கள் என்று வாத்தியாரைக் கேட்டுக்கொண்டான்.

பின்னால் என்று நீங்கள் சொன்ன பிறகு நான் ஏன் கோடு போடப் போகிறேன் என்று வாத்தியார் சீட்டை மடித்தார். அதோடு அது முடிந்திருக்கும். ஆனால் வாசற்படியில் ஒருத்தி நாலு நாளாக நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் கோவிந்தம்மா. "எங்கண்ணனுக்குத் தெரியாது. ஏழரைக்குச் செத்தவங்களுக்கு எட்டு மணிக்கு ஒடம்பு ஜில்லுன்னு இருக்குமா? வாய்க்கட்டு கட்டப் போன பக்கத்து வூட்டு கங்கம்மா சொன்னா, தாடை வெறைச்சிப் போயி வாயி மூட வரலியாம். எங்கம்மா ராத்திரியே செத்துட்டாங்க. இவ தூங்கிட்டா. கடைசியா ஒரு சொட்டு பாலு ஊத்தக்கூட ஆள் இல்லாம, அநாதப் பொணமாட்டம் போயிட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாஞ்சாலி தாங்கியிருப்பாள். திருடி என்றாலும் கொலைகாரி என்றாலும் மென்று விழுங்கிவிடலாம். அநாதையாக விட்டாள் என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை. முப்பது வருஷம் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தவர்கள் அவளும் கிழவியும். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"நான் தூங்கல, கோவிந்தம்மா," என்றாள். "ரெண்டு ஸ்பூன் பாலு உள்ள எறங்குச்சி. மூணாவது வெளிய வந்துச்சி. உங்க புள்ளய எழுப்பட்டுமா அத்தேன்னு கேட்டேன். வாணாம்னு தலையாட்டுனாங்க. அடுப்பப் பத்த வைன்னாங்க. பத்த வெச்சிட்டு வர்றதுக்குள்ள மூச்சி நின்னுபோச்சி. அப்ப மணி அஞ்சு."

கன்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தான் சாப்பிட்டபோது என்று ஆரம்பித்தான். ஆமாம் என்றாள். இருமல் என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"பொணத்த உள்ள போட்டுக்கினு எங்கண்ணனுக்குச் சோறு போட்டியா?" என்றாள் கோவிந்தம்மா.

"போட்டேன். புள்ளைங்களுக்கும் போட்டேன். மூணு பேரும் கை கழுவுன அப்புறம்தான் சொன்னேன். அத்தைதான் அப்டி செய்யச் சொன்னாங்க."

வாத்தியார் எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலி நின்றபடியே சொன்னாள். கிழவி படுக்கையில் விழுந்த மூன்றாம் நாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்ன சமாசாரம் அது. கோவிந்தம்மாவிடம் சொல்லாதே, அவள் மறந்திருப்பாள், கிளறிவிட வேண்டாம் என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்க வேண்டியிருந்தது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் மாமனார் செத்த நாள். விடியற்காலையில் போன உயிர். வெளியூரிலிருந்து பங்காளி ஒருவர் வந்துதான் எடுக்க வேண்டும் என்று பொழுது சாயும்வரை போட்டு வைத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் எடுக்கிற வரைக்கும் அடுப்பு மூட்டக்கூடாது. பெரியவர்கள் தாங்குவார்கள். பிள்ளைகளின் வயிற்றுக்குச் சாவு தெரியுமா? கன்னியப்பனுக்குப் பன்னிரண்டு வயது, கோவிந்தம்மாவுக்கு ஆறு, கடைக்குட்டி அப்பாவு கைக்குழந்தை. ஒப்பாரியில் யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. மத்தியானம் தாண்டியதும், பிணத்தின் வாயில் போட முறத்தில் வைத்திருந்த வாய்க்கரிசியை ஆறு வயதுப் பெண் இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். பார்த்த பெரியவர் ஒருவர் ஓங்கி ஓர் அறை விட்டார். தாலியறுக்க உட்கார்த்தி வைத்திருந்த கிளியம்மாள், எழுந்து வந்து பிள்ளையைத் தூக்க முடியாமல், நாலு பொம்பளைகள் பிடிக்குள் இருந்து அதைப் பார்த்தாள்.

"அந்த அறை என் கன்னத்துல விழுந்து இன்னும் காயல பாஞ்சாலின்னாங்க," என்றாள். "'அப்பாவு பெங்களூர்லருந்து வந்துதான் என்ன எடுப்பீங்க. சாயங்காலம் ஆயிடும். நான் செத்தா என் வூட்ல ஒரு புள்ள வெறும் வயித்தோட அழக்கூடாது. எல்லாருக்கும் சோறு போடு. துன்னுட்டு அழுவட்டும்.' இதான் அவங்க சொன்னது. நான் செஞ்சது தப்புன்னா தப்புதான்."

பந்தலுக்கு வெளியே படப்பை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மறந்திருக்கவில்லை. அடித்தவர் முகம் ஞாபகமில்லை, அரிசி நாக்கில் ஒட்டினது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதை அம்மா பார்த்தாள் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு தலையைத் தூக்கி, "அன்னிக்கி நீ துன்னியா அண்ணி?" என்று கேட்டாள்.

பாஞ்சாலி இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு எறங்கலை என்றாள்.

கோவிந்தம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் அப்படியே நின்றுகொண்டு அழுதாள். பாஞ்சாலியும் அழுதாள். ஐந்து நாளாக ஊர் கூடி அழுத அழுகையில் சேராத அழுகை அது.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. மடித்த சீட்டை மறுபடி பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, அன்றைக்கு உதயம் ஆறரை மணி, உயிர் போனது ஐந்து மணி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிளியம்மாள் என்ற பேரின் இடது ஓரத்தில் பேனா முனையை வைத்தார். வைத்துவிட்டு, வீட்டுத் தலைவன் என்ற முறைக்கு, எழுதிக்கொள்ளட்டுமா என்று கன்னியப்பனைப் பார்த்தார்.

கன்னியப்பன் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டான். இந்த முறை அவன் இருமலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நாங்க துன்னு முடிக்கற வரைக்கும் எங்கம்மா சாவல சார்," என்றான். "அப்டின்னு எழுதிக்குங்க."

வாத்தியார் அவனைப் பார்த்தார். பாஞ்சாலியைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சீட்டைக் கட்டோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டினார்.

"அப்ப இந்த வூட்ல அஞ்சு பேரு," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.