மூன்றாவது குறிப்பு

நாலு மணிக்குப் போர்வையை உருவி என்னை எழுப்பிய அதே ஆள், ஐந்தரை மணிக்கு வனவிலங்குப் பூங்கா வாசலில் ஜீப் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க மேடம்" என்றார்.

வேலை நேரத்தில் நான் மேடம், அப்பா டிரைவர். வீட்டில் பேசி வைத்துக்கொண்டது. நான் வழிகாட்டியாகச் சேர்ந்து மூன்று மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

டிரைவர் விலங்கைச் சீண்டினால், அவர் பேரில் வழிகாட்டி புகார்க் குறிப்பு எழுத வேண்டும். மூன்று குறிப்பு சேர்ந்தால் ஜீப்பை விட்டு இறங்க வேண்டியதுதான். அப்பா பேரில் ஏற்கெனவே இரண்டு.

பின்சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில் கைக்குழந்தை மாதிரி கேமரா.

முகட்டில் வெளிச்சம் விழுந்தபோது பாறைச் சரிவில் கரடியைக் காட்டினேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குட்டி.

"முதுகையா படம் எடுக்குறது? மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க" என்றார் கேமராக்காரர்.

"சொல்லி அனுப்பியிருக்கேன் சார். பவுடர் போட்டுட்டு வரும்" என்றேன்.

மனைவி சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

அப்பா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். ஜீப் நின்ற இடத்திலேயே உறுமியது. தாய் நிமிர்ந்தது. கேமரா படபடத்தது. குட்டி மிரண்டு சரிவில் உருண்டு ஓடைப் பக்கம் ஓடி மறைந்தது. தாய் எங்களைப் பார்த்து நாலடி வந்தது, நின்றது, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மூக்கைத் தூக்கியது.

அப்பா மறுபடியும் மிதித்தார்.

"அப்பா, அணைங்க!"

அணைத்தார். குட்டி கத்துவது அப்போதுதான் கேட்டது. தாய் அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"ஓ, உங்க அப்பாவா?" கேமராக்காரருக்கு முகம் மலர்ந்தது. "அப்பக் கவலையே இல்ல. வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

முடிஞ்சிருமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகத்தில் நான் படிவத்தை எடுத்ததும் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ஆள் உன்னப் பத்தி நல்லபடியா எழுதிக் குடுத்தா வேலை நிரந்தரமாகும்னுதாம்மா…"

"நான் கேட்டேனா? எனக்காகன்னு சொல்லாதீங்க. குட்டி தாயோட சேர்ந்துச்சா, தெரியுமா உங்களுக்கு?"

"சேர்ந்திருக்கும்."

"இருக்கும்!"

எழுதினேன். அடியில் டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் நீட்டும் தாளில் என்ன ஏதென்று கேட்காமல் போடுவது அவர் வழக்கம். இன்றும் பேனாவை எடுத்துவிட்டார். பிடுங்கினேன்.

"படிக்கிறேன். கேட்டுட்டுப் போடுங்க."

ஒரு வரி விடாமல் படித்தேன்.

"'வேண்டுமென்றே'ன்னா போட்டிருக்க?"

"வேணும்னுதானே மிதிச்சீங்க?"

"ஆமா."

எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஜீப் சாவியை மேசையில் வைத்தார்.

"நாளைக்கு அலாரம் வெச்சுக்கோ" என்றார். "நான் எழுப்ப மாட்டேன்."